வெள்ளைக்கு நீட்டிய கை

1

இன்றைக்கு என் தங்கை அபிஷாவுக்கு முதல் கல்யாண நாள். காலையிலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்யாண வீடியோவை ஏற்றிவிட்டாள். மஸ்கட்டில், என் அறைக்குக் கீழே இருக்கும் மலையாளி ஓட்டலில் புட்டும் கடலையும் வாங்கி வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன். வீடியோ கொள்ளாம், நன்றாகவே வந்திருக்கிறது. ஹெலிகேம் எங்கள் வீட்டுக்கு மேலே எழும்பி, ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி, ஆலயத்துக் கோபுரத்தில் போய் இறங்குகிறது. பெண் சிரிக்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறார், யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒருவன் ஐஸ்கிரீம் தின்கிறான். பூ, கேக், வசனம் என்று வாழ்த்துகள் வந்து விழுந்தபடி இருந்தன.

அப்போது குலசேகரத்து மாமா ஒரு வரி போட்டார். அவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

"எல்லாரும் உண்டு. பெண்ணுக்க அம்மைய மட்டும் காணல்லியே?"

வாழ்த்து நின்றது. எல்லாரும் வாசித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது.  கொஞ்சம் பொறுத்து அபிஷா கும்பிடுகிற கையைப் போட்டாள். அது நன்றியா, விட்டுவிடுங்கள் என்ற கெஞ்சலா, எனக்குப் புரியவில்லை. மாமா விடுகிற ஆள் இல்லை.

"கும்பிட்டது போதும்ட்டி. கேட்டதுக்குப் பதிலச் சொல்லு."

அதற்கு ஒரு அத்தை எழுதினாள்: "கடைசியில பேரு போட்டிருக்குல்லா, அவகிட்ட கேளுங்க."

கடைசியில் என் பெயர்தான் இருக்கிறது. 'எடிட்டிங்: ஷைனி, மஸ்கட்' என்று தங்க எழுத்தில், மினுமினுப்போடு.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் ஊர் மழையை நினைத்து உருகுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். உருகுவதற்கு எனக்கு இன்று நேரமில்லை. எங்கள் குடும்பத்தில் வாட்ஸ்அப்பைத் தாண்டி யாரும் எதையும் வாசிப்பதில்லை. அந்தத் தைரியத்தில், பெயர்களை மட்டும் மாற்றி, நடந்ததை எழுதுகிறேன்.

2

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவள். பொறியியல் படித்துவிட்டு, கருங்கலில் சுனில் அண்ணனின் ஸ்டுடியோவில் கேமரா தூக்கப் போனேன். ஆலயக் கல்யாணம், மண்டபக் கல்யாணம், அய்யாவழிக் கல்யாணம் என்று ஒன்றும் பாக்கியில்லை. சுடிதாரில் ஏணி மேல் நிற்கிற ஒரே ஆள் நான்தான். "பெண்ணப் பாக்கவா, கேமராக்காரியப் பாக்கவா?" என்று பந்தியில் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த வேலை பிடித்தது. தாலி கட்டுகிற நொடியில் ஊரே எழும்பி நின்று மறைக்கும்போது, அந்த முதுகுகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி கண்டுபிடிப்பேனே, அந்தச் சூடு வேறு எதிலும் இல்லை.

மஸ்கட்டுக்கு வந்ததும் பெண்ணாக இருப்பதால்தான். இங்கே அரபிக் கல்யாணங்களில் பெண்கள் மண்டபம் தனி. உள்ளே ஆண் கேமரா நுழையாது. விருந்துக்கு வருகிறவர்களின் போன் கேமராவில் வாசலிலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே நானும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும் மட்டும். முடிந்ததும் பெண்ணின் தாயார் வந்து உட்கார்வார். நான் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். அவர் விரலை அசைத்தால் அழிக்க வேண்டும். மிச்சம் இருக்கும் மெமரி கார்டை அவர் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். என் நல்ல ஷாட்டுகள் எத்தனையோ அப்படிச் செத்திருக்கின்றன. அந்த அம்மாள் அழித்தது தன் முகத்தை. அதில் எனக்கு வருத்தமில்லை.

முதலாளி ஷீபா சேச்சி கொல்லத்துக்காரி. அவருக்குத் தையல் கடை உரிமமும் இருந்தது. அந்தக் கணக்கில் என்னைக் கொண்டுவந்ததால் என் அடையாள அட்டையில் தொழில் 'தையல்காரி'. எனக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. கேமராவோடு பிடிபட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். "பிளவுஸ் அளவு எடுக்குகயாணெந்நு பற" என்றார். அளவு எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அவருடைய மகள் பிறந்தது இங்கே. அம்மா மலையாளத்தில் திட்டினால் அவள் அதை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுப்பாள். சேச்சி அதற்குப் பெருமைப்படுவார், பிறகு குளியலறையில் போய் அழுவார்.

தமிழ்க் கல்யாணங்களும் வரும். திருச்சிக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், ஹோட்டல் மாடியில், லிஃப்ட் தாமதமாகி நான் ஓடிவந்து பெண்ணின் அப்பாவிடம் கேட்டேன், "கெட்டு முடிஞ்சா?" எங்களுக்குத் தாலி கட்டுவது 'கெட்டு'. அவர் முகம் கறுத்தது. "கல்யாண வீட்டில் என்னம்மா கெட்டுப்போச்சுன்னு கேக்குற?" என்று என்னை மேடைப் பக்கமே விடவில்லை. மலையாளிகளிடம் போனால் வேறு கதை. தொழில் பெயரை மாற்ற விண்ணப்பம் எழுத டைப்பிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். தட்டச்சு செய்கிற சேட்டன் கேட்டார்.

"நாடு எவிடெயா?"

"கருங்கல்."

"அதெவிடெயா?"

"களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்."

"ஓ. பாண்டி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தமிழர் என்பதற்கு அவர் வாயில் இருக்கிற சொல் அது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே நான் பாண்டி. ஊரில் என் அம்மா பாண்டு.

3

வெள்ளப்பாண்டு என்பார்கள் எங்கள் பக்கம். தோலில் நிறம் போய் வெள்ளைத் திட்டு விழுவது. வலிக்காது, ஒட்டாது. டாக்டர் எவ்வளவு சொன்னாலும் ஊர் அதைக் குஷ்டத்துக்குத் தங்கை என்றே நம்பும். அம்மாவுக்கு அபிஷா பிறந்த பிறகு கைவிரலில் தொடங்கியது. கல்யாணச் சமயத்தில் இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளை, உதட்டோரத்தில் ஒரு துண்டு. அம்மா அதை மறைக்கிறவள் இல்லை. மீன்காரி மிச்சக் காசைக் கையில் தராமல் படிக்கல்லில் வைத்தால், "கைல தாட்டி. நான் என்ன உனக்க மாப்பிளயக் கேட்டனா?" என்பாள். அந்த நாக்கு எனக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

அபிஷாவுக்குக் கிடைத்தது பயம். பள்ளிக்கூடத்தில் அம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அவளுக்கு வயிற்றுவலி வரும். கண்ணாடி முன்னால் நின்று கை கால் எல்லாம் திருப்பித் திருப்பித் தேடுவாள். இவளுக்கு வரன் அமைந்ததும் பெரிய இடம். தக்கலைப் பக்கம், மாடி வீடு, மாப்பிள்ளை வங்கி வேலை. அம்மாவைக் கண்டும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எங்களுக்கு அதொண்ணும் இல்ல" என்று மாமியார் மூன்று முறை சொன்னாராம். மூன்றாவது முறைதான் அபிஷாவுக்குப் பயம் வந்ததாம்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. தொழில் மாற்ற விண்ணப்பம் பாதியில் நின்றது. அந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் செத்துவிடும், பிறகு ஆயுசுக்கும் தையல்காரிதான் என்றார்கள். மூத்தவள் கல்யாணமாகாமல் இருக்க, இளையவளுக்குக் கெட்டு. மூத்தவள் ஆளே வரவில்லை. ஊருக்குப் பேச வேறென்ன வேண்டும்? "மூத்தது அங்க ஒரு சேட்டனக் கெட்டியாச்சாம்" என்று கதை கட்டி, அந்தச் சேட்டனுக்கு ஒரு பேக்கரியும் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

என் பங்குக்கு எடிட்டிங் என்று சொல்லியிருந்தேன். சுனில் அண்ணன் ஆள் அனுப்பி எடுப்பார், முழுவதையும் எனக்கு அனுப்புவார், நான் வெட்டி ஒட்டித் தருவேன். அம்மா கல்யாணத்தன்று காலையில் வீடியோ காலில் வந்து பச்சைப் பட்டுச் சேலையைக் காட்டினாள்.

"எப்பிடி இருக்கேன்?"

"கொள்ளாம்மா."

"என்னய நல்லாட்டு வைக்கணும் கேட்டியா. பெண்ணப் பெத்தவளாக்கும் நான். மத்தவ மாதிரி ஓரத்துல வச்சிராத."

4

படம் வந்து சேர்ந்ததும் திறந்து பார்த்தேன். எல்லாம் நீலமாக இருந்தது.

லேசான நீலம், அதில் ஒரு பச்சைச் சாயல். அபிஷாவின் வெள்ளைச் சேலை, நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி. மாப்பிள்ளை மூன்று நாள் தண்ணீரில் கிடந்து எடுத்தவர் மாதிரி. பாஸ்டர் வாழ்த்துச் சொல்கிறார், பார்த்தால் அடக்க ஆராதனை. சுனில் அண்ணனின் ஆட்கள் இப்படி எடுக்க மாட்டார்கள்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேமராவுக்கு வெள்ளை எதுவென்று தானாகத் தெரியாது. எடுக்கத் தொடங்கும் முன் ஒரு வெள்ளைத் தாளை அதன் முன் பிடித்து, இதுதான் வெள்ளை என்று காட்டிக் கொடுக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பது அதைத்தான். அந்த வெள்ளையை வைத்துத்தான் அது மற்ற எல்லா நிறத்தையும் முடிவு செய்யும். வெள்ளை தப்பினால் எல்லாம் தப்பும். யாரோ வெள்ளை அல்லாத எதையோ காட்டியிருக்கிறார்கள். சுவரா, துண்டா என்று எனக்கு ஒரு துப்பறியும் உற்சாகம். பெரிய கேமராவையும் காட்டுகிற இரண்டாவது கேமராவின் காலைக் காட்சிகளை எடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஓட்டினேன்.

எங்கள் வீட்டு அறை. அபிஷா கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறாள். அழகு நிலையத்துப் பெண் முடிக்குப் பூ வைக்கிறாள். அம்மா பின்னால் நின்று சேலை மடிப்புக்கு ஊசி குத்துகிறாள். அம்மாவின் முகத்துக்கு அப்பி அப்பி மாவு பூசியிருக்கிறார்கள், உதட்டு வெள்ளை தெரியாதபடிக்கு. கைகளை மறந்துவிட்டார்கள். பெரிய கேமராவோடு பிபின் நிற்கிறான். நான் வேலை சொல்லிக் கொடுத்த பயல்.

"ஏலே, பேப்பரு எங்கல?"

"வண்டிலயாக்கும் கெடக்கு," என்கிறான் லைட் பிடிக்கிறவன்.

"போய் எடுத்துட்டு வா."

"பேப்பரு எதுக்கு? அந்தா அம்மைக்க கை கெடக்குல்லா. பேப்பரு தோத்துப்போவும்."

பிபின் சிரிப்பை அடக்குகிறான். பிறகு அடக்கவில்லை. "எம்மா, கைய ஒண்ணு நீட்டுங்க. வெளிச்சம் பாக்கணும்."

அம்மா ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்து, கேமராவுக்கு முன்னால் நீட்டுகிறாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்கிறாள், "இப்பிடியா மக்கா?"

"லேசாத் திருப்புங்க. ஆ, அதாக்கும் வெள்ள."

அழகு நிலையத்துப் பெண் சிரிக்கிறாள். கண்ணாடிக்குள் அபிஷா சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மை கலைந்துவிடாமல் கண்ணை மேலே தூக்கிக்கொண்டு. எல்லாரும் சிரிப்பதைக் கண்டு அம்மாவும் சிரிக்கிறாள். கை நீட்டியபடியே இருக்கிறது.

தாள் வெள்ளை. மனுஷத் தோல், நிறம் போனாலும், உள்ளே ரத்தம் ஓடுகிற தோல். அதில் சிவப்பு உண்டு. அந்தச் சிவப்பைக் கழித்துத்தான் கேமரா அன்று முழுவதும் ஊரைப் பார்த்தது. ஆலயத்திலும் மண்டபத்திலும் மாற்றாமல், இரண்டாவது கேமராவிலும் அதே கணக்கை வைத்து எடுத்திருக்கிறார்கள்.

5

பெண்ணும் மாப்பிள்ளையும் மூணாறில் இருக்கும்போது அபிஷா கூப்பிட்டாள்.

"அக்கா, எடிட்டிங் தொடங்கியாச்சா?"

"கலரு சரியாக்கிட்டு இருக்கேன்."

"அக்கா, அம்மைய வெட்டிரு."

எந்த இடத்தில் என்றுதான் முதலில் கேட்டேன். தொழில் புத்தி.

"எல்லா எடத்துலயும்."

"ஏட்டி, உனக்கு வட்டா, பைத்தியமா?"

"அதுக்கில்ல. இவியளுக்க தங்கச்சிக்கு இப்போ கல்யாண ஆலோசன வந்துட்டு இருக்கு. வாறவிய மொதல்ல அண்ணனுக்க கல்யாண வீடியோவத்தான் கேப்பாவ. அம்மைக்க கையக் கண்டா, இந்த வீட்டுக்குள்ள பாண்டு வந்தாச்சுன்னு போயிருவாவ. பொறவு என்னயல்லா சொல்லுவாவ."

"உனக்க மாமியாரு சொன்னாவளா?"

"அவிய ஒண்ணும் சொல்லல்ல. நானாட்டுத்தான் சொல்லுகேன். அவிய சொல்லுகதுக்கு முந்தி நம்மளே செஞ்சாத்தான் ஒரு மதிப்பு."

"கண்ணாடில நீ சிரிச்சதக் கண்டேன்."

 "எல்லாரும் சிரிச்சாவ. அம்மையும் சிரிச்சால்லா" என்றாள்.

நான் வெட்டவில்லை. நீலத்தை எடுத்தேன், மாப்பிள்ளைக்கு உயிர் கொடுத்தேன், கை நீட்டிய அந்தத் துண்டை மட்டும் தூக்கி எறிந்தேன். மற்றபடி அம்மா வருகிற இடமெல்லாம் அம்மா இருந்தாள். தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும் இடத்தில் அந்தக் கையை அருகில் வைத்து, நிதானமாக ஓடவிட்டேன். அபிஷா என்னிடம் சண்டை போடவில்லை. நேராகச் சுனில் அண்ணனிடம் போய்விட்டாள்.

அவர் கூப்பிட்டார். "மக்ளே, கஸ்டமரு கேட்டா செய்யணும்லா. அந்த அம்மைய எடுத்தாச்சு. எடுக்க முடியாத எடத்துல படத்தப் பெருசாக்கித் தள்ளிவிட்டாச்சு. உனக்க அப்பனுக்க ஒரு தோளும் கூடப் போச்சு. வேற வழியில்ல பாத்துக்க."

"எனக்க பேரையும் எடுங்க அண்ணா."

"யூடியூப்ல ஏத்தியாச்சே மக்ளே. மஸ்கட்டுன்னு போட்டா ஸ்டுடியோக்கு ஒரு வெயிட்டுல்லா."

பென் டிரைவ் வீட்டுக்கு வந்த அன்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து அம்மா அதை டிவியில் போட்டாளாம். அப்பாதான் சொன்னார். முடிந்ததும் எல்லாரும் போன பிறகு இன்னொரு முறை போட்டுப் பார்த்தாளாம். தேடினாள் என்ற சொல்லை அப்பா சொல்லவில்லை.

அன்றிலிருந்து அம்மா எனக்கு முகம் காட்டவில்லை. வீடியோ காலை எடுப்பாள், போனை மேசையில் மல்லாக்க வைத்துவிடுவாள். மழை, பால் விலை, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசுவாள். எனக்குத் தெரிவது சீலிங் ஃபேன். ஏறக்குறைய ஒரு வருடமாக அந்த ஃபேனைத்தான் பார்க்கிறேன். மூன்று இறக்கையில் எதில் அழுக்கு கூட என்று கேட்டால் சொல்வேன்.

வெட்டினது நான் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அடுத்த நொடி, பிறகு யார் என்பாள். நான் தயங்கிய சில மாதங்களில் அபிஷா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். பேற்றுக்கு அவள் வர வேண்டியது அம்மாவிடம். நான் விழுங்கினேன்.

6

மாமாவின் கேள்வி குழுவில் கிடக்க, நான் புட்டைத் தள்ளி வைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். ஃபேன் வந்தது. எண்ணெய் பொரிகிற சத்தம். நாளைக்கு ஏழாம் மாசப் பலகாரத்தோடு போய் அபிஷாவை அழைத்துவருகிறார்கள். முந்திரிக்கொத்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்மா, மாமா கேட்டதக் கண்டியளா?"

"கண்டேன்."

"நான் வெட்டல்லம்மா."

அடுத்த கொத்து எண்ணெயில் விழுகிற சத்தம் கேட்டது.

"நீ வெட்டல்லன்னா பொறவு யாரு வெட்டினா?"

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. 

ஃபேன் சாய்ந்தது. சுவர், காலண்டர், பாட்டில்கள், பிறகு அம்மாவின் முகம். ஒரு வருடத்தில் வெள்ளை உதட்டைத் தாண்டிக் கன்னத்தின் பாதிவரை ஏறியிருந்தது. நான் கண்ட முகம் அதுவல்ல. நான் உற்றுப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"ஏட்டி, என்னய ஒண்ணும் தெரியாத பொட்டின்னு நெனச்சியா? கைய நீட்டச் சொன்னப்பளே தெரியும். எனக்க கை என்ன நெறம்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடில அவ சிரிச்சதையும் கண்டேன். இந்த வேலை யாரு செய்வா, யாரு செய்ய மாட்டான்னு பெத்தவளுக்கு ஆளு வந்து சொல்லணுமா?"

"பொறவு எதுக்கு ஒரு வருசமாட்டு எனக்கு ஃபேனக் காட்டிட்டு இருந்திய?"

"யாருட்டயாவது கோவப்படாண்டாமா? அவகிட்ட கோவப்பட்டா அவ வருவாளா?" கரண்டியைத் தட்டினாள். "நாளைக்கு அவ வாறா. தலைக்கு எண்ண தேச்சு வெள்ளம் விட்டுக் குளிப்பாட்டணும். பிள்ளைய மொதல்ல கையில வாங்கணும். வெட்டினது அவதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சா, அவ இந்தக் கைக்குள்ள எப்பிடிட்டி வந்து இருப்பா? வெட்டினது நீயின்னே இருக்கட்டு. நீ அங்கயல்லா கெடக்க."

"அப்போ நான்?"

"உனக்கென்ன? மாமன் ரெண்டு ஏச்சு ஏசுவான். பிளேன் ஏறி வந்து அடிப்பானா? எண்ண காயுது, வைக்கட்டா?"

வைத்துவிட்டாள்.

ஓட்டல் பையன் தட்டை எடுக்கட்டுமா என்று கேட்டான். எடுக்கச் சொல்லிவிட்டுக் குழுவைத் திறந்தேன். எழுதினேன்: "நான்தான் மாமா வெட்டினேன். அம்மா வந்த இடத்திலெல்லாம் கலர் சரியாக வரவில்லை."

மாமா தட்டச்சு செய்கிறார் என்று வெகுநேரம் காட்டியது. பிறகு வந்தது.

"சவத்த மூதி. கடல் தாண்டினா பெத்த தள்ளைக்க நெறமும் பிடிக்காமப் போவுமோ?"

அதற்குக் கீழே கட்டைவிரல்கள் விழத் தொடங்கின. யார் யார் என்று தொட்டுப் பார்த்தேன். முதலாவது அம்மாவுடையது.